மன்னிப்புக் கேட்கும்வரை காத்திருக்க வேண்டுமா?

கேள்வி: சபையில் பலர் முன் என்னை அவமானப்படுத்திய பக்கத்து வீட்டு அக்கா இப்போது படுத்த படுக்கையாக இருக்கிறார். இதுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. நானாகப் போய் உதவலாமா?
— ஒரு வாசகி, சேந்தமங்கலம்

போங்கள் சகோதரி, இன்றைக்கே போங்கள். உங்கள் ஊருக்கு மேலே தெரிகிற கொல்லிமலையில் மிஷனரி ஜெஸ்ஸி பிராண்டும் அவர் மனைவி எவ்லினும் ஊழியம் செய்தார்கள். மலைமக்கள் அவர்களை அண்டவிடாமல் ஒரு பூசாரி தடுத்துவந்தார். 1918-ஐ ஒட்டிப் பரவிய விஷக்காய்ச்சலில் அவரும் விழுந்தார். ஊரார் நெருங்கப் பயந்த அந்த வீட்டுக்குள் போனவர்கள் பிராண்ட் தம்பதிதான். சாகும் தறுவாயில் பூசாரி தன் கைக்குழந்தையை அவர்களிடமே ஒப்படைத்தார். ஜெஸ்ஸி 1929-இல் அதே மலையில் காய்ச்சலில் இறந்தார். எவ்லினோ தொண்ணூறு வயதைத் தாண்டியும் மலைமக்களை விடவில்லை.

நாம் கேட்பதற்கு முன்பே தேவன் நமக்கு இரங்கினார் என்பதுதானே நம் விசுவாசம்? அக்கா வாய்திறக்கும்வரை நீங்கள் ஏன் காத்திருக்க வேண்டும்?

கஞ்சி காய்ச்சி எடுத்துப் போங்கள். மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று பாருங்கள், துணி துவைத்துக் கொடுங்கள். பழைய பேச்சை நீங்கள் எடுக்காதீர்கள். அவரே எடுத்து அழுதால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஞாயிறு ஆராதனைவரை தள்ளிப்போட வேண்டாம்.