"பதிவாகிவிட்டது" செய்தி எங்கே போச்சு?

இணையப் படிவத்தை நிரப்பிப் பட்டனை அழுத்தினால் பக்கம் மாறி, மேலே "உங்கள் விண்ணப்பம் பதிவாகிவிட்டது" என்று ஒரு வரி வரும். பக்கத்தை மறுபடி திறந்தால் அது இருக்காது. இதற்குப் பெயர் ஃபிளாஷ் செய்தி. சில தளங்களில் இது வராமலே போயிடும். வரலைன்னா என்ன? பதிவாகலையோ என்று பயந்து திரும்பவும் அழுத்துவோம். ஒரே தேர்வுக்கு இரண்டு விண்ணப்பம், இரண்டு தடவை கட்டணம்!

எப்படி வேலை செய்கிறது?

எச்.டி.டி.பி. முறையில் சர்வருக்கு ஒவ்வொரு கோரிக்கையும் புதுசுதான். பழசு ஞாபகம் இருக்காது. அதனால் 1994-ல் நெட்ஸ்கேப்பில் லூ மொண்டுல்லி குக்கியை உருவாக்கினார். சைக்கிள் ஸ்டாண்டு டோக்கன் மாதிரிதான். எண் நம்ம கையில், சைக்கிள் உள்ளே. அந்த "உள்ளே"தான் செஷன்.

படிவம் பதிவானதும் சர்வர் 302 அல்லது 303 என்ற எண்ணோடு "அந்த முகவரிக்குப் போ" என்று சொல்லும். இதுதான் ரீடைரக்ட். பிரவுசர் இரண்டாவது கோரிக்கை அனுப்பும். சாதாரண வேரியபிளில் வைத்த செய்தி முதல் கோரிக்கையோடு அழிஞ்சிடும். செஷனில் வைத்தால்தான் தாண்டி வரும்.

தொலைந்தால் எங்கே தேடுவது?

1. பி.எச்.பி.யில் இரண்டு பக்கத்திலும், எந்த எழுத்தும் வெளியாகும் முன்பே, செஷனைத் தொடங்கியாச்சா?

2. முகவரி மாறுதா? 'டபிள்யூ டபிள்யூ டபிள்யூ' உள்ள பெயரிலிருந்து இல்லாத பெயருக்குத் தாவினால், பொதுவாகக் குக்கி கூட வராது.

3. இரண்டு ரீடைரக்டா? நடுப்பக்கமே செய்தியைத் தின்னுடும். ரூபி ஆன் ரெயில்ஸில் 'கீப்' கட்டளை அதை இன்னொரு கோரிக்கைக்கு நீட்டிக்கும்.

4. ரீடைரக்டுக்குக் கீழே 'எக்சிட்' இருக்கா? இல்லையென்றால் மீதி வரிகளும் ஓடும். செய்தியைக் காட்டி அழிக்கும் வரி அதில் இருந்தால், யாரும் பார்க்காமலே செய்தி காலி.

5. இரண்டு சர்வரா? செஷன் ஒன்றில் இருக்க, கோரிக்கை மற்றதுக்குப் போயிருக்கலாம்.

செய்து பாருங்க!

பிரவுசரில் எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பகுதியில் இரண்டு கோரிக்கையிலும் செஷன் எண்ணை ஒப்பிடுங்க. எண் மாறினாலோ, இல்லாமல் போனாலோ, முதலில் 2-ஐப் பாருங்க. ஒரே எண் என்றால் குக்கியில் குறை இல்லை, மற்றதைத் தேடுங்க.

சிந்திக்க: இவ்வளவு தொல்லை தரும் ரீடைரக்ட் எதுக்கு?

விடை: அது இல்லையென்றால், பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்யும்போது படிவம் மறுபடியும் போக வாய்ப்பு உண்டு!