பறக்கச் செய்யும் கைகள்

நுழையும்முன்

வானில் ஹெலிகாப்டரைக் கண்டதும் அதனை ஓட்டுபவரையே நாம் எண்ணுகிறோம். அது பறப்பதற்குத் தகுதியுடையது என்று ஆராய்ந்து கையொப்பமிட்டவரை எண்ணுவதில்லை. சண்டிகரில் பன்னிரண்டாம் வகுப்புப் பயிலும் மாணவி ஒருத்தி, படையில் சேர்ந்து ஹெலிகாப்டர் பராமரிப்புப் பணி செய்ய விரும்புகிறாள். விமானப்படையில் அப்பணியை இருபது ஆண்டுகள் செய்து ஓய்வு பெற்ற தாய்மாமனிடம் கருத்துக் கேட்கிறாள். அவர் எழுதும் விடைமடலாக அமைந்தது இப்பாடம்.

மாமாவின் மடல்

சூலூர்,
12.01.2025.

அன்புள்ள மருமகளுக்கு,

இங்கு யாவரும் நலம். உங்கள் நலமறிய ஆவல். உன் மடல் கிடைத்தது. பிறந்தது முதல் சண்டிகரில் வளர்ந்தும் பிழையின்றித் தமிழ் எழுதுகிறாய் என்று உன் அத்தை மகிழ்ந்தாள்.

நீ மூன்று வினாக்கள் கேட்டிருக்கிறாய். படையில் சேரும்போது ஹெலிகாப்டர் பராமரிப்புப் பணியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள முடியுமா? அப்பணியில் என்ன செய்ய வேண்டும்? அம்மா ஏன் தயங்குகிறாள்? முதல் இரண்டுக்கும் முதலில் விடை சொல்கிறேன். மூன்றாவது வினாவுக்கு விடை சொல்ல வேண்டியவன் நானே. அதனை இறுதியில் எழுதுகிறேன்.

முதல் வினாவுக்கு நேரான விடை இதுதான்: விரும்பலாம், ஆனால் அது கிடைத்தே தீரும் என்று எவராலும் உறுதி கூற முடியாது. 2022ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின்படி விமானப்படையில் சேர்பவர்கள் 'அக்னிவீர்வாயு' எனப்படுகின்றனர். பெண்களும் விண்ணப்பிக்கலாம். நீ பயிலும் கணிதம், இயற்பியல், ஆங்கிலம் ஆகிய பாடங்களுடன் பன்னிரண்டாம் வகுப்பில் மொத்தத்திலும் ஆங்கிலத்திலும் 50 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். பொறியியல் பட்டயப் படிப்பு முடித்தவர்களுக்கும் வழி உண்டு. எழுத்துத் தேர்வு, ஓட்டம் முதலிய உடற்றகுதித் தேர்வு, மருத்துவச் சோதனை ஆகியவற்றில் தேற வேண்டும். தேறிய பின்னும், படையின் தேவைக்கேற்ப எப்பணியையும் உனக்கு ஒதுக்கும் உரிமை விமானப்படைக்கு உண்டு. அறிவிப்பிலேயே இது கூறப்பட்டிருக்கும். பலர் அந்த வரியைப் படிக்காமலே கையொப்பமிடுகிறார்கள். நீ அதனை இருமுறை படி.

என் கதையையே கேள். தாம்பரத்தில் இயந்திரப் பயிற்சி பெற்றபோது, போர்விமான இயந்திரங்களையே நான் விரும்பினேன். எனக்குக் கிடைத்தது ஹெலிகாப்டர். அன்றிரவு உணவுகூட உண்ணவில்லை. ஓராண்டு கழித்து, வேறு பிரிவுக்கு மாற விருப்பமா என்று ஒருவர் கேட்டபோது நான் மறுத்துவிட்டேன். அந்த ஓராண்டில் என்னை மாற்றியது எது என்பதைச் சொன்னால் உன் இரண்டாவது வினாவுக்கும் விடை கிடைத்துவிடும்.

விமானத்தின் இறக்கை அசையாமல் நிற்கிறது. ஹெலிகாப்டரின் இறக்கை சுழல்கிறது. வேறுபாடு அவ்வளவே. ஆயினும் பராமரிப்பவரின் வேலை அதனால் பன்மடங்காகிறது. மேலுள்ள பெருஞ்சுழலி ஒரு திசையில் சுழலும்போது, ஹெலிகாப்டரின் உடல் எதிர்த்திசையில் திரும்ப முயலும். அதனைத் தடுத்து நிறுத்துவது வாலில் உள்ள சிறுசுழலி. உங்கள் வீட்டுக்கு மேலே பறக்கும் சினூக்கை உற்றுப் பார். அதற்கு வால்சுழலி இல்லை. முன்னும் பின்னும் உள்ள இரு பெருஞ்சுழலிகளும் எதிரெதிர்த் திசையில் சுழன்று ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன.

சுழலும் பொருள் அதிரும். அதிர்வு திருகாணிகளைத் தளர்த்தும்; உலோகத்தில் மயிரிழை போன்ற வெடிப்பை உண்டாக்கும். ஆகவே ஒவ்வொரு திருகாணியையும் குறித்த அளவு விசையுடன் டார்க் ரெஞ்ச் கொண்டு முறுக்குகிறோம். அது தானே தளராதபடி மெல்லிய கம்பியால் பூட்டுகிறோம். கியர்பாக்ஸ் எண்ணெயில் ஒரு காந்தமுனை பொருத்தப்பட்டிருக்கும். உள்ளே பற்சக்கரம் தேயத் தொடங்கினால், உலோகத் துகள்கள் அதில் ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத நோயை முன்கூட்டியே அறிவிக்கும் மருத்துவன் அந்தக் காந்தமுனை. சில உறுப்புகளைப் பழுதில்லாதபோதும் கழற்றிவிடுவோம். இத்தனை மணி நேரம் பறந்தபின் மாற்றவேண்டும் என்று விதி இருந்தால், புதியதுபோல் தோன்றினாலும் மாற்றியே ஆகவேண்டும்.

1972ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் நாள் பிரான்சு நாட்டு விமானி ழான் புலே, 'லாமா' என்னும் ஹெலிகாப்டரில் 12,442 மீட்டர் உயரத்தை எட்டி உலகச் சாதனை படைத்தார். அந்த உயரத்தில் அவருடைய இயந்திரம் அணைந்துவிட்டது. ஆயினும் அவர் உயிருடன் தரையிறங்கினார். எப்படி? ஹெலிகாப்டர் இறங்கும்போது கீழிருந்து மேலெழும் காற்று, இயந்திரத்தின் உதவியின்றியே சுழலியைச் சுழலச் செய்யும். அந்தச் சுழற்சியே அதனைத் தாங்கி மெல்ல இறக்கும். இதிலிருந்து நான் கற்றது ஒன்று. இயந்திரம் நின்றாலும் பிழைக்க வழியுண்டு. சுழலியையும் அதனைத் திருப்பும் இணைப்புகளையும் இழந்தால் வழியில்லை. அந்த லாமாவின் இந்திய வடிவமே பெங்களூரு இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய 'சீட்டா'. 1984 முதல் சியாச்சின் பனிமலைக் காவல்நிலைகளுக்கு உணவும் மருந்தும் கொண்டு சென்றவற்றுள் அதுவும் ஒன்று. அங்கே காற்று மெலிந்திருப்பதால் சுமக்கும் எடையைக் கிலோ கிலோவாகக் கணக்கிட வேண்டும்.

இனி, நான் எவரிடமும் பெருமையாகச் சொல்லாத ஒரு நிகழ்ச்சி. அப்போது எனக்கு 22 வயது. மலையடிவாரத் தளம் ஒன்றில் இரவுப் பணி. விடிந்ததும் மருந்துப் பெட்டிகளுடன் ஒரு ஹெலிகாப்டர் புறப்பட வேண்டும். வேலை முடிந்து கருவிகளை எண்ணினேன். ஒரு திருப்புளி முனை குறைந்தது. சுண்டுவிரல் நகத்தளவே இருக்கும். என் பெட்டியில் அதுபோன்ற வேறொரு முனை இருந்தது. அதனை வைத்துவிட்டால் கணக்குச் சரியாகிவிடும், எவருக்கும் தெரியாது. ஐந்து நிமிடம் கைகள் நடுங்க நின்றேன். பிறகு என் சார்ஜென்ட்டிடம் சென்று உண்மையைச் சொன்னேன்.

அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஹெலிகாப்டர் பறக்கத் தகுதியற்றது என்று பதிவேட்டில் எழுதினார். ஆறு பேர் சேர்ந்து தரைத்தகடுகளைக் கழற்றித் தேடினோம். விடிந்தது, புறப்படும் நேரமும் கடந்தது. இறுதியில் அம்முனை கிடைத்த இடம் எது தெரியுமா? என் ஓவராலின் கிழிந்த பையினுள், துணிமடிப்புக்கிடையில்! நாணத்தால் தலைகுனிந்தேன். சார்ஜென்ட் சொன்னார்: "இரண்டு மணி நேரத் தாமதத்தை நானே பதிவேட்டில் எழுதிவிடுவேன். விபத்து நேர்ந்திருந்தால் அதனை எழுத வேறொருவர் வந்திருப்பார்." அன்று மாலைக்குள் எங்கள் அனைவருடைய கிழிந்த பைகளையும் தைத்துவிடச் சொன்னார். முதலில் தம்முடையதைத் தாமே தைத்தார்.

பதிவேட்டில் இடும் கையொப்பத்தின் பொருள் எனக்கு அன்றுதான் விளங்கியது. வானில் செல்வோர் எவரும் என் முகத்தை அறியார். என் கையொப்பத்தை நம்பி ஏறுகின்றனர். இந்த நம்பிக்கையைச் சுமக்க விரும்புகிறாயா என்பதே நீ உன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி.

அடுத்தது காலக்கணக்கு. அக்னிவீர் பணி நான்கு ஆண்டுகள். அதன்பின் 25 விழுக்காட்டுக்கு மேற்படாதவர்களே நிலையான பணிக்குத் தேர்ந்தெடுக்கப்படுவர். மற்றவர்கள் சேவாநிதித் தொகையுடன் வெளியேறுவர். அவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை. வெளியே பொதுத்துறையிலும் தனியார் துறையிலும் ஹெலிகாப்டர்கள் பறக்கின்றன. ஆனால் படையில் பணிசெய்தோம் என்பதனாலேயே அங்கு கையொப்பமிடும் உரிமை கிடைத்துவிடாது. பொது விமானப் போக்குவரத்து இயக்ககம் நடத்தும் தேர்வுகளில் தேறி உரிமம் பெற வேண்டும். ஹெலிகாப்டர்களுக்கென அதில் தனிப்பிரிவும் உண்டு. எனவே படையில் இருக்கும்போதே படிப்பைத் தொடர்பவரே பின்னர் தடுமாறாமல் நிற்பார்.

வேறு வழிகளும் உள்ளன. 1986ஆம் ஆண்டு தனிப்படையாக அமைந்த தரைப்படை வான்பிரிவிலும், அரக்கோணத்தில் ஐ.என்.எஸ். ராஜாளி தளத்தை உடைய கடற்படையிலும் ஹெலிகாப்டர்கள் உள்ளன. கடலோரக் காவல்படையிலும் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் தகுதிகள் வேறு. அறிவிப்பு வரும்போது உனக்குப் பொருந்துமா என்று பார்த்துக்கொள்.

இனி, உன் மூன்றாவது வினா. உன் அம்மாவின் திருமணம் ஓர் ஆவணி மாதத்தில் நடந்தது. மணமேடையில் தங்கையின் கையில் பொரியிட வேண்டியவன் நான். விடுப்பும் கிடைத்திருந்தது, தொடர்வண்டிச் சீட்டும் எடுத்திருந்தேன். அவ்வாரம் வடகிழக்கில் வெள்ளம். விடுப்புகள் யாவும் நீக்கப்பட்டன. நாங்கள் ஹெலிகாப்டர்களுடன் அங்கே சென்றோம். பகலெல்லாம் அவை மக்களை மீட்கும். இரவெல்லாம் நாங்கள் அவற்றை மறுநாளைக்கு ஆயத்தம் செய்வோம். முகூர்த்த வேளையில் என் கையில் பொரி இல்லை, எண்ணெய்க்கறைதான் இருந்தது. என் இடத்தில் பெரியப்பா மகன் நின்றான். உன் அம்மா என்மீது சினங்கொள்ளவில்லை. ஆனால் அன்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று பிறர் சொல்லக் கேட்டேன். உனக்காகக் காத்திருக்கும் ஒரு வாசல் உருவாகிவிடுமோ என்பதே அவளுடைய தயக்கம். அதனை அச்சம் என்று எள்ளிவிடாதே. அவள் விலையை அறிந்து பேசுகிறாள்.

சேர் என்றோ சேராதே என்றோ நான் சொல்ல மாட்டேன். பொறியியல் கல்லூரிக்கும் விண்ணப்பம் செய். விமானப்படை அறிவிப்பையும் முழுமையாகப் படி. ஹெலிகாப்டருக்கு மாறாக ராடாரோ வாகனமோ ஒதுக்கப்பட்டாலும் மனநிறைவுடன் பணிசெய்வாயா என்று உன்னைக் கேட்டுக்கொள். 'ஆம்' என்றால், இம்மடலை அம்மாவிடம் கொடு. இருவரும் சேர்ந்து படியுங்கள். அதன்பின் மூவரும் பேசுவோம்.

இந்த முறை பொங்கலுக்கு உங்களை அழைக்க முடியவில்லை. கோடை விடுமுறைக்குக் கட்டாயம் வாருங்கள். அம்மாவிடம் அண்ணன் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
அன்புள்ள மாமா.

சொல்லும் பொருளும்

சுழலி – ஹெலிகாப்டரைத் தூக்கும் சுழலும் இறக்கைத் தொகுதி
பராமரிப்பு – பேணிக் காத்தல்
திருப்புளி – திருகாணியை முறுக்கவும் கழற்றவும் உதவும் கருவி
விழுக்காடு – நூற்றுக்கு இத்தனை என்னும் அளவு
கடிந்துகொள்ளுதல் – கண்டித்தல்
பொரியிடுதல் – திருமணத்தில் மணமகளின் உடன்பிறந்தான் செய்யும் சடங்கு
எள்ளுதல் – இகழ்தல்

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. ஹெலிகாப்டரின் உடல் எதிர்த்திசையில் திரும்புவதைத் தடுப்பது ________.
(காந்தமுனை / வால்சுழலி / பூட்டுக்கம்பி)

2. காணாமற்போன திருப்புளி முனை கிடைத்த இடம் ________.
(தரைத்தகட்டின் அடி / கருவிப்பெட்டி / ஓவராலின் பை)

3. அக்னிவீர் பணியின் காலம் ________ ஆண்டுகள்.
(இரண்டு / நான்கு / இருபது)

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. கியர்பாக்ஸில் உள்ள காந்தமுனையை மாமா மருத்துவனுக்கு ஒப்பிடுவது ஏன்?
2. சினூக் ஹெலிகாப்டருக்கு வால்சுழலி தேவைப்படாதது ஏன்?
3. படைப்பணி முடித்தவர் வெளியே பராமரிப்புப் பொறியாளராகக் கையொப்பமிட என்ன செய்ய வேண்டும்?

இ. ஐந்து தொடர்களில் விடை எழுதுக.

1. சார்ஜென்ட் சொன்ன சொற்களின் பொருளை விளக்குக. அவர் தம் பையைத் தாமே முதலில் தைத்தது எதனைக் காட்டுகிறது?
2. "அவள் விலையை அறிந்து பேசுகிறாள்" – இத்தொடரில் 'விலை' என்பது எதனைக் குறிக்கிறது?

ஈ. பிரித்து எழுதுக.

கையொப்பம், வானூர்தி, நலமறிய, தரைத்தகடு, மனநிறைவு

உ. சிந்தித்து எழுதுக.

வேறொரு முனையை வைத்துக் கணக்கைச் சரிசெய்திருந்தால், மாமாவின் ஹெலிகாப்டருக்கு எத்தீங்கும் நேர்ந்திருக்காது. ஏனெனில் முனை அவருடைய பையில்தான் இருந்தது. அவ்வாறாயின் அவர் உண்மையைச் சொன்னது தேவையற்றதா? உன் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

ஊ. செயல்பாடு

நீ விரும்பும் பணி ஒன்றைப் பற்றி, ஊரில் உள்ள தாத்தா, பாட்டி, மாமா, அத்தை, பெரியப்பா, சித்தி ஆகியோருள் ஒருவருக்குத் தமிழில் மடல் எழுதுக. அப்பணியில் உனக்குப் பிடித்தது ஒன்று, உன்னை அஞ்சச் செய்வது ஒன்று, அவரிடம் நீ கேட்க விரும்பும் வினா ஒன்று ஆகிய மூன்றும் மடலில் இடம்பெற வேண்டும். எழுதியதை உறையிலிட்டு அனுப்புக. விடை வந்ததும் அதனை வகுப்பில் படித்துக் காட்டுக.