ஆடிட்டர் வருவதற்கு முன் மைக்ரோமீட்டரைச் சோதியுங்கள்

அம்பத்தூரிலோ கோவையிலோ நான்கு சிஎன்சி லேத் போட்டு, கார் உதிரிபாகத்துக்குப் புஷ் கடைந்து கொடுப்பவருக்கு ஒருநாள் கஸ்டமரிடமிருந்து மெயில் வரும்: ஐஏடிஎஃப் 16949 சான்றிதழ் எப்போது வாங்குவீர்கள்? உடனே கன்சல்டன்டைப் பிடித்து அலமாரி நிறைய ஃபைல் எழுதி வாங்குவதுதான் நம் வழக்கம். அந்த அவசரம் வேண்டாம். வேலையை மெஷின் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.

2016இல் வந்த இந்தத் தரநிலை தனித்து நிற்பதில்லை. ஐஎஸ்ஓ 9001:2015-இன் மேல் கட்டியது. ஆகவே முதலில் இரண்டு புத்தகத்தையும் வாங்குங்கள். கூடவே, ஒவ்வொரு கஸ்டமரும் தனியாக விதித்திருக்கும் நிபந்தனைகளைக் கேட்டு வாங்கி ஒரே பட்டியலாக்குங்கள். பலர் கோட்டை விடும் இடம் இது.

அடுத்து, பாகம் உள்ளே வந்து வெளியே போகும் வரையிலான படிகளை ஆபரேட்டரோடு உட்கார்ந்து எழுதுங்கள். ஒவ்வொரு படியிலும் என்ன கெடலாம், ஏன் கெடும் என்பது எஃப்எம்இஏ. அதை எப்படிப் பிடிப்போம் என்பது கண்ட்ரோல் பிளான். படிகளின் பட்டியல், எஃப்எம்இஏ, கண்ட்ரோல் பிளான் மூன்றிலும் ஆபரேஷன் எண் ஒன்றாக இருக்கட்டும். 20ஆம் ஆபரேஷனில் இன்சர்ட் தேய்ந்து துளை அளவு மாறும் என்று எழுதினால், எத்தனை பீஸுக்கு ஒருமுறை, எதை வைத்து அளப்பது என்பது கண்ட்ரோல் பிளானில் தெரிய வேண்டும். அளவு தப்பினால் 'சூப்பர்வைசரிடம் சொல்' என்று மட்டும் எழுதாதீர்கள். மெஷினை நிறுத்து, கடைசியாகச் சரியாக இருந்த பீஸ் வரை பின்னோக்கிப் பிரித்து வை என்று எழுதுங்கள்.

இனி முக்கியமான வேலை. காலிபரேஷன் சான்றிதழ் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அது கருவியைப் பற்றி மட்டுமே சொல்லும்; உங்கள் ஆள், உங்கள் பீஸ், உங்கள் எண்ணெய்ப் பிசுக்கு எதுவும் அதில் இல்லை. அதற்குத்தான் கேஜ் ஆர் அண்ட் ஆர் சோதனை. வெவ்வேறு நாள், வெவ்வேறு ஷிப்டிலிருந்து 10 பீஸ் எடுங்கள். அடுத்தடுத்து வந்த பத்தை எடுத்தால் சோதனை வீண். எண்ணை மறைத்து, வரிசையைக் கலைத்து, தினமும் அளக்கிற 3 பேரிடம் கொடுத்து ஒவ்வொருவரும் 3 முறை அளக்கட்டும். மொத்தம் 90 அளவுகள். குவாலிட்டி இன்ஜினியரை மட்டும் வைத்து அளந்தால் ரிப்போர்ட் அழகாக வரும், பயன் இருக்காது.

அளவையில் வரும் மாறுபாடு 10 சதவீதத்துக்குள் என்றால் நல்லது. 10 முதல் 30 வரை என்றால் பாகத்தின் முக்கியத்துவத்தைப் பார்த்து முடிவெடுக்கலாம். 30ஐத் தாண்டினால் அந்த முறையை ஏற்க முடியாது. ஒரே ஆளின் அளவுகளே ஒன்றுக்கொன்று மாறினால் கருவியையும் பீஸைப் பிடிக்கும் விதத்தையும் பாருங்கள். ஆளுக்கு ஆள் மாறினால் முறையில் கோளாறு: மைக்ரோமீட்டரில் ஒருவர் ராட்செட்டைத் திருப்புவார், இன்னொருவர் திம்பிளையே இறுக்குவார்.

அளவை சரியான பிறகுதான், உற்பத்தியைப் புள்ளியியல் முறையில் கண்காணிக்கும் எஸ்பிசி வரைபடத்துக்கு அர்த்தம். புதுப் பாகத்துக்குக் கஸ்டமரிடம் ஒப்புதல் வாங்கும் பிபிஏபியில், கஸ்டமர் வேறு சொல்லாவிட்டால், வழக்கமான மெஷினிலும் ஆளிலும் தொடர்ந்து 300 பீஸாவது ஓட்டி, தொடக்க ஆய்வில் பிபிகே என்ற திறன் குறியீடு 1.67க்கு மேல் காட்ட வேண்டும்.

சான்றிதழுக்கு 12 மாத செயல்பாட்டுப் பதிவுகளும் இன்டர்னல் ஆடிட் பதிவுகளும் வேண்டும். ஆகவே ரிஜெக்ஷன் கணக்கை இந்த மாதமே எழுதத் தொடங்குங்கள். ஆடிட் இரண்டு கட்டமாக நடக்கும். உற்பத்தி நடக்கும் எல்லா ஷிப்டுகளையும் பார்ப்பார்கள், இரவு ஷிப்டையும் சேர்த்து. அந்நேரம் அளவு தப்பிய பீஸ் வந்தால், அதைப் போட்டுப் பூட்டும் சிவப்புப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கும் என்பதை முன்பே முடிவு செய்துவிடுங்கள்.