விருந்தினர் தட்டில் கட்டசம்பல்

கேள்வி: இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டக் குடியிருப்புகளுக்கு விருந்தினராகச் செல்வோர், தமக்குப் பிடிக்காத உணவு பரிமாறப்பட்டால் அதை உண்பதே முறையா, மறுக்கவும் இடமுண்டா?

பதில்: ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டப்பட்ட சிறு அறைகளான லயன் வீடுகளில், முன்னறிவிப்பின்றி வருவோருக்கு முதலில் கிடைப்பது பால் கலவாத சாயத்தண்ணியும், கோதுமை மாவில் தேங்காய்ப்பூ சேர்த்துத் தட்டிச் சுட்ட ரொட்டியும், மிளகாயும் வெங்காயமும் மாசியும் இடித்துச் செய்த கட்டசம்பலுமே ஆகும். இவ்விரு மாவட்டங்களும் சேர்ந்த சப்ரகமுவ மாகாணத்தின் தேயிலை பெரும்பாலும் 600 மீற்றருக்குக் கீழ்ப்பட்ட நிலத்தில் விளைவதால் அதன் சாயம் கறுத்துத் தடிப்பாக இறங்குகிறது. பால் தேநீருக்குப் பழகிய நாவுக்கு அது துவர்க்கும். சூரை மீனை அவித்துப் புகையூட்டிக் காயவைத்துப் பெறும் மாசியின் வாடையும், புதிதாக உண்பவரைத் தயங்க வைக்கக்கூடியது.

ரொட்டி வயிற்றில் கனமாகத் தங்குவது உண்மைதான். ஆனால் கொழுந்து பறிக்கவும் இறப்பர்ப் பால் வெட்டவும் விடியலில் புறப்படுவோருக்கு அந்தக் கனமே தேவையாக இருந்தது. அதற்குப் பின்னால் பசியின் வரலாறும் உண்டு. 1973–74இல் உலகச் சந்தையில் தானிய விலை ஏறி, அரசு கூப்பன் அரிசியைக் குறைத்தபோது, பயிரிடச் சொந்த நிலமற்றிருந்த தோட்டத் தொழிலாளரே மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டனர்; 1974இல் தோட்டங்களில் இறப்பு வீதம் கூர்மையாக உயர்ந்தது. அக்காலத்தைக் கண்ட முதியோர் இன்னும் வாழும் வீடுகளில், கேட்டு வாங்கிய ரொட்டியைப் பாதியில் ஒதுக்கி வைப்பது, குறைவாக வாங்குவதைவிடப் பன்மடங்கு புண்படுத்தும்.

சாயத்தண்ணியை மறுப்பது இன்னும் நுட்பமான விடயம். வெளியார் பலர் இம்மக்களைத் ‘தோட்டக்காட்டான்’ என இழித்துரைத்து வந்துள்ளதாலும், ஒருவர் கையால் நீர் வாங்கிக் குடிப்பதற்கே சாதி தடையாயிருந்த நினைவு தமிழரிடையே அழியாததாலும், காரணம் கூறாமல் கோப்பையைத் தள்ளுபவரின் செயல் நாவின் விருப்பமாக அன்றி மனிதரை ஒதுக்குவதாகவே பொருள்படக்கூடும். ஆகவே துவர்ப்பு எத்தகையதாயினும் இரண்டு மிடறாவது குடிப்பது நன்று. இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை என்றே கூற வேண்டும்.

உணவில் அத்தனை கண்டிப்புத் தேவையில்லை. சுவைக்குமுன் சொல்லும் ‘வேண்டாம்’ என்பதற்கும், ஒரு விள்ளல் உண்டபின் சொல்லும் ‘போதும்’ என்பதற்கும் இடையிலான வேறுபாட்டைத் தமிழ் வீடுகள் நன்கறியும். பின்னது எவரையும் நோகச் செய்வதில்லை. சைவ உணவினரும், நீரிழிவு உள்ளோரும், விரதம் காப்போரும் தம் நிலையை அடுப்பு மூட்டுவதற்கு முன்பே தெரிவித்துவிடலாம்: மாசி இடிக்கப்பட்ட பின்போ, தேநீரில் சீனி கலக்கப்பட்ட பின்போ தெரிவித்தால், அந்த வீட்டார் தம் பங்கிலிருந்து எடுத்து மறுபடியும் சமைக்க நேரும்.