அடிக்கடி சளி, காதில் சீழ்... கண் திருஷ்டி அல்ல!

"டாக்டர், 6 மாசம் வரைக்கும் குழந்தை கொழுகொழுன்னு நல்லாத்தான் இருந்தான். அப்புறம் யார் கண் பட்டுச்சோ... சளி, காய்ச்சல், காதுல சீழ்னு மாத்தி மாத்தி வருது!"

இப்படிச் சொல்லும் தாய்மார்கள் பலர். பெரும்பாலான குழந்தைகளுக்கு இதில் பயப்பட ஒன்றுமில்லை. சின்ன வயதில் வருடத்துக்கு 6, 7 தடவை ஜலதோஷம் பிடிப்பது சகஜம். ஆனால் சில குழந்தைகள் விஷயத்தில், அந்த '6 மாச'க் கணக்கில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது.

மூக்கு, தொண்டை, நுரையீரல் குழாய், குடல் எல்லாவற்றுக்கும் உள்ளே ஈரமான ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. இதுதான் சளிச்சவ்வு. கிருமிகள் பெரும்பாலும் நுழையப் பார்ப்பது இந்த வழியாகத்தான். அங்கே காவல் நிற்பவை 'ஆன்டிபாடி' எனப்படும் எதிர்ப்புப் புரதங்கள்.

எச்சில், கண்ணீர், சீம்பால், குடல்நீர் இவற்றில் இருப்பது ஐஜிஏ. கிருமி சவ்வில் ஒட்டாதபடி அதைப் பிடித்துக்கொள்ளும். சளியோடு வெளியே தள்ளிவிடும். ரத்தத்தில் நிறைய இருப்பது ஐஜிஜி. நிமோனியாக் கிருமிக்கு வழவழப்பான மேலுறை உண்டு; வெள்ளை அணுக்களின் பிடியில் லேசில் சிக்காது. வழுக்குகிற விரால் மீனைச் சாம்பல் தொட்டுப் பிடிக்கிறோமே, அந்தச் சாம்பல் வேலையைச் செய்வது ஐஜிஜி.

பிறக்கும்போது குழந்தையிடம் இருப்பது தாய் கொடுத்த ஐஜிஜி. 6 மாதத்துக்குள் அது கரைந்துவிடும். பிறகு குழந்தையே தயாரிக்க வேண்டும். அது முடியாத குழந்தைக்குத்தான் அப்போது தொல்லை ஆரம்பிக்கிறது.

1952-ல் அமெரிக்க ராணுவ டாக்டர் ஆக்டன் புரூட்டன் 8 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார். 4 வருடத்தில் 19 தடவை கடுமையான தொற்று! ரத்தத்தைச் சோதித்தால், ஆன்டிபாடிகள் அடங்கிய காமா குளோபுலினே இல்லை. மாதா மாதம் அதை ஊசியில் செலுத்தியதும் பையன் தேறினான். இதற்குக் காரணமான மரபணு 1993-ல் தெரியவந்தது. இது தாய் வழியாக ஆண் குழந்தைகளுக்கு வரும் குறை. தாய்மாமன் யாராவது சிறு வயதில் தொற்று நோயால் இறந்திருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

ஐஜிஏ மட்டும் குறைவாக இருப்பவர்களும் உண்டு. பலருக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது. சிலருக்குக் காது, சைனஸ், நுரையீரல் தொற்றும், ஜியார்டியா கிருமியால் தீராத வயிற்றுப்போக்கும் வரும்.

எப்போது சந்தேகப்பட வேண்டும்?

* ஒரே வருடத்தில் 4 தடவையோ அதற்கு மேலோ காதில் தொற்று
* வருடத்தில் 2 தடவை நிமோனியா அல்லது கடுமையான சைனஸ்
* மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் கொடுத்தும் குணமாகாத நிலை
* எடை ஏறாமை, வளர்ச்சிக் குறைவு

இவற்றில் ஏதாவது இருந்தால் ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம் அளவு பார்க்கும் ரத்தப் பரிசோதனை பற்றிக் குழந்தைகள் நல நிபுணரிடம் கேளுங்கள்.

சித்த வைத்தியனான நானே சொல்கிறேன். ஆடாதோடை, திப்பிலி, துளசி எல்லாம் சாதாரண கபத்துக்கு நல்ல மருந்துகள்தான். ஆனால் உடம்பு தயாரிக்காத ஆன்டிபாடியை எந்தக் கஷாயமும் தயாரித்துத் தராது. "கஷாயம் குடிச்சா சரியாயிடும்"னு வருடங்களைக் கடத்தினால், நுரையீரல் குழாய்கள் விரிந்து சளி தேங்கி நிரந்தரமாகக் கெட்டுப்போகும். ஐஜிஜி இல்லாதவர்களுக்கு 3, 4 வாரத்துக்கு ஒருமுறை இம்யூனோகுளோபுலின் ஏற்ற வேண்டும். செலவு அதிகம்தான். ஆனால் உயிர் காக்கும்.

இன்னொன்று: போலியோ சொட்டு மருந்தில் இருப்பது வீரியம் குறைத்த உயிர்க்கிருமி. ஆன்டிபாடி குறைவு உறுதியான குழந்தைக்கு டாக்டரைக் கேட்காமல் அதைக் கொடுக்காதீர்கள். மற்றக் குழந்தைகளுக்குத் தவறாமல் கொடுங்கள்.

இன்றைக்கே ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். எந்தத் தேதியில் காய்ச்சல், எங்கே தொற்று, என்ன மருந்து என்று குறித்து வையுங்கள். டாக்டருக்குப் பாதி விஷயம் அதிலேயே புரிந்துவிடும்.