அடித்து ஆட எந்த ரப்பர்?

1952-ஆம் ஆண்டு பம்பாயில் நடந்த உலக மேசைப் பந்துப் போட்டிக்கு ஜப்பானிய வீரர் ஹிரோஜி சாட்டோ தடித்த ஸ்பாஞ்சு ஒட்டிய மட்டையுடன் வந்தார். எதிராளிகள் பந்து மட்டையில் படும் ஓசையைக் கேட்டே வேகத்தைக் கணிப்பவர்கள். இவர் மட்டையிலோ ஓசையே இல்லை! ஒற்றையர் பட்டம் அவருக்கே கிடைத்தது. 1959-இல் விதி வந்தது: ஸ்பாஞ்சு, மேல் ரப்பர், பசை மூன்றும் சேர்ந்து 4 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது.

"இருப்பதிலேயே தடித்ததைக் கொடுங்கள்" என்று கடையில் கேட்டவள்தான் நானும். தடித்த ஸ்பாஞ்சில் பந்து அமிழ்ந்து கவண்கல்லாய்ப் பாயும், உண்மைதான். ஆனால் மெல்லத் தட்ட வேண்டிய பந்தும் அப்படியே பாயும். அந்த ஆண்டு என் பந்துகள் மேசையைவிடச் சுவரையே அதிகம் தொட்டன!

ஆகவே, அடி பழகும் வரை 1.8 அல்லது 2 மில்லிமீட்டர் ஸ்பாஞ்சு போதும். புள்ளிகள் உட்புறம் அமைந்த, மேலே வழவழப்பான ரப்பராகப் பாருங்கள். பந்தைப் பற்றிச் சுழற்ற அதுவே ஏற்றது. பத்துப் பந்தில் எட்டாவது மேசையில் விழத் தொடங்கிய பிறகு தடித்ததற்கு மாறலாம். புறங்கைப் பக்கம் அப்போதும் மெல்லியதே இருக்கட்டும்.

நம் உடுமலையின் ஆடிக் காற்றில் புழுதிக்குப் பஞ்சமில்லை. புழுதி படிந்த ரப்பரில் பந்து வழுக்கும். ஆட்டம் முடிந்ததும் ஈரப் பஞ்சால் துடைத்து, உலர்ந்தபின் உறையிலிடுங்கள்.