32,000 ரூபாய் எஸ்டிமேட், 930 ரூபாய் ரிப்பேர்: பழைய பிக்கப் டீசல் பிரச்சனையை எந்த வரிசையில பார்க்கணும்?



போன ஐப்பசியில காரமடையில இருந்து எங்க மாமா போன் பண்ணினார். "மாப்ள, காலையில வண்டி ஸ்டார்ட்டே ஆக மாட்டேங்குது. பம்ப், நாசில் எல்லாம் கழட்டணுமாம். 32,000 ரூபா ஆகும்ங்கறாங்க. உங்கிட்ட இருக்குமா?"

மாமாகிட்ட இருக்கறது பழைய டீசல் பிக்கப். கறிவேப்பிலை லோடு ஏத்தி, பெரியநாயக்கன்பாளையம் வழியா கோவை எம்.ஜி.ஆர். மார்க்கெட்டுக்கு ஓட்டறார். வண்டி நின்னா அன்னைக்கு வாடகை இல்லை. வீட்டுல சம்பளம் வாங்கறவங்க நீங்கன்னா, இந்த மாதிரி போன் உங்களுக்கும் வரும். பணம் அனுப்பறதுக்கு முன்னாடி இதைப் படிச்சுடுங்க.

ஒரே விதி: செலவு குறைஞ்ச சந்தேகத்தை முதல்ல தீர்க்கணும்

ஆடிட்ல கணக்கு உதைச்சா, வவுச்சர்ல இருந்து ஒவ்வொரு படியா பார்த்துட்டு வருவோம். டீசலுக்கும் அதேதான். அது போற பாதை இது: டேங்க், ரப்பர் ஹோஸ், ஃபீட் பம்ப், பில்டர், இன்ஜெக்‌ஷன் பம்ப், கடைசியா நாசில். நல்ல வேளையா, முன்னாடி வர்றதெல்லாம் விலை கம்மி. கடைசி ரெண்டுதான் பர்ஸைக் காலி பண்ணும்.

1. காலையில மட்டும் ஸ்டார்ட்டிங் பிரச்சனையா?
ஃபீட் பம்ப்லயோ பில்டர் மேலயோ கையால அமுக்கற ஹேண்ட் ப்ரைமர் இருக்கும். அது கெட்டியாகற வரைக்கும் அமுக்கிட்டு சாவியைத் திருப்புங்க. உடனே பிடிச்சுக்கிச்சுன்னா, ராத்திரியில லைன்ல ஏர் ஏறி, டீசல் டேங்க்குக்கே திரும்பிப் போகுதுன்னு சந்தேகப்படலாம். டேங்க்ல இருந்து ஃபீட் பம்ப் வரைக்கும் டீசலை உறிஞ்சித்தான் எடுக்குது. அதனால அங்க வெடிப்பு இருந்தா டீசல் வெளிய சொட்டாமலே காத்து உள்ள போகும். ஃபீட் பம்ப்புக்கு முன்னாடி ஒரு துண்டு கண்ணாடி ஹோஸ் போட்டு ஓட்டிப் பாருங்க. குமிழி ஓடினா கள்ளன் டேங்க் பக்கம்தான்.

2. லோடோட மேடு ஏறும்போது இழுவை இல்லையா?
டேங்க் மூடியைத் திறந்து பாருங்க. 'புஸ்'னு காத்தை இழுத்து, வண்டியும் சரியாச்சுன்னா மூடியில இருக்கற காத்து ஓட்டை அடைச்சிருக்கு. சுத்தம் பண்ணினா போதும். அது இல்லைன்னா டீசல் பில்டர், டேங்க் உள்ள இருக்கற வடிகட்டி. கரும்புகை வந்தா ஏர் பில்டரையும் பாருங்க.

3. ஓடிட்டே திக்கித் திக்கி நிக்குதா?
பில்டர் அடியில இருக்கற திருகைத் திறந்து, கண்ணாடி பாட்டில்ல கொஞ்சம் பிடிச்சு வைங்க. தண்ணி இருந்தா அடியில தங்கும். துரு வந்தா டேங்க்கைக் கழுவணும்.

4. இன்னும் தெரியலையா?
டேங்க்கை விட்டுட்டு, ஒரு கேன்ல சுத்தமான டீசல் வெச்சு மெக்கானிக்கை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்க. நல்லா ஓடினா டேங்க், லைன் பக்கம்தான் கோளாறு. அப்பவும் தகராறு பண்ணினாத்தான் பம்ப், நாசில் பேச்சு. அதையும் டெஸ்ட் பெஞ்ச்ல ஏத்தி, அளவைக் காட்டச் சொல்லுங்க. காட்டின பிறகு பணம் கொடுங்க.

எச்சரிக்கை: காமன் ரெயில் இன்ஜின்னா உயர் அழுத்த பைப்பை நீங்க தொடவே கூடாது. அழுத்தம் 1,000 பாருக்கு மேல போகும். டீசல் பீய்ச்சி அடிச்சா தோலைக் கிழிச்சு உள்ள போயிடும். எந்த வண்டியா இருந்தாலும் பக்கத்துல பீடி, சிகரெட் வேண்டாம்.

மாமா வண்டிக்கு என்ன ஆச்சு?

முதல் சோதனையிலயே மாட்டிக்கிச்சு. டேங்க் பக்கத்துல, கிளிப்புக்கு அடியில ஹோஸ் வெடிச்சிருந்தது. ஹோஸ் 140, கிளிப் 40, பில்டர் 450, கூலி 300. மொத்தம் 930 ரூபாய். பம்ப்பைக் கழட்டியிருந்தா? 32,000 ரூபாயும் போயிருக்கும், அடுத்த நாள் காலையிலயும் வண்டி நின்னிருக்கும்.

வரி விஷயம் ஒண்ணு

வாடகைக்கு ஓட்டற வண்டிக்கு அனுமான வருமான முறையில கணக்கு காட்டினா, 12 டன்னுக்கு மேல போகாத வண்டிக்கு மாசத்துக்குக் குறைஞ்சது 7,500 ரூபாய் லாபம்னு எடுத்துக்குவாங்க. அதுல ரிப்பேர் பில்லைத் தனியா கழிக்க முடியாது. 32,000 செலவு பண்ணினாலும் வரி ஒரு ரூபாய் குறையாது. அவ்வளவும் கைக்காசு.

சைடு பிசினஸுக்கு செகண்ட் ஹேண்ட் பிக்கப் வாங்கற எண்ணம் இருந்தா, காலையில சொல்லாம கொள்ளாம போங்க. பானட்டைத் தொட்டுப் பாருங்க, ஜில்லுனு இருக்கணும். அப்புறம் ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. முன்னாடியே சூடு பண்ணி வெச்சிருந்தா, "நாளைக்கு வர்றேனுங்க"ன்னு சொல்லிட்டு வந்துடுங்க.

அடுத்த வீடியோவுல பழைய வண்டி லோன் வட்டிக் கணக்கைப் பார்ப்போம்.